நம் குடும்பங்களைக் கற்பது எவ்வாறு?

ஆண்டுவிழா மேடைகளிலும் மலர்களிலும் குடும்பத்தைப் பற்றிப் பேசுவதும் எழுதுவதும் நமக்குப் புதியன அல்ல. இல்லறத்தின் மாண்பு, தாயின் தியாகம், கூட்டுக் குடும்பத்தின் மேன்மை, இளைய தலைமுறையின் போக்கு என்று தலைப்புகள் ஆண்டுதோறும் மாறி மாறி வருகின்றன. போற்றுதலும் வருந்துதலுமே அவற்றுள் நிரம்பியிருக்கக் காண்கிறோம். போற்றுதல் வேண்டியதே, வருந்துவதற்கும் காரணங்கள் உள. ஆயினும், நம் குடும்பங்கள் உண்மையில் எவ்வாறு அமைந்துள்ளன, யார் யாருடன் உண்கின்றனர், யாரை யார் என்ன முறை சொல்லி அழைக்கின்றனர், யாருடைய வருவாய் யாருக்குச் செல்கின்றது என்பவற்றைப் பொறுமையாகக் கேட்டுக் குறித்துவைக்கும் பழக்கம் நம்மிடையே வளரவில்லை. இதனைச் செய்வதற்கென்றே சமூகவியல், மானிடவியல், உளவியல், மக்கட்தொகையியல் எனச் சமூக அறிவியல் துறைகள் பல தோன்றி நூறாண்டுகளுக்கு மேலாகிவிட்டன. அவை குடும்பத்தைக் கற்கும் வழிகள் யாவை, மியன்மாத் தமிழராகிய நம்மை அவ்வழிகள் எவ்வளவு கண்டன, எவ்வளவு காணாது விட்டன என்பதனை இம்மலரின் வாசகர்களாகிய பெற்றோர் முன்னும் ஆசிரியர் முன்னும் வைக்க விரும்புகிறோம்.

தமிழ்க் குடும்பம் மேலைநாட்டு அறிஞர்களின் கருத்தைக் கவர்ந்தது உறவுச் சொற்களின் வாயிலாகத்தான். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் லூயிஸ் ஹென்றி மார்கன் என்னும் வழக்கறிஞர் வாழ்ந்தார். தம் ஊருக்கு அருகில் வாழ்ந்த செனகா என்னும் பழங்குடியினர், தந்தையின் உடன்பிறந்தானையும் தந்தை என்றே அழைப்பதும், தாயின் உடன்பிறந்தாளையும் தாய் என்றே அழைப்பதும் அவருக்கு வியப்பளித்தன. உலகின் பிற மக்கள் என்ன செய்கின்றனர் என அறிய விரும்பி, அச்சிட்ட வினாத்தாள்களைச் சமயப் பணியாளர்களுக்கும் தூதர்களுக்கும் அனுப்பினார். தமிழ்நாட்டிலிருந்து சென்ற விடைத்தாள் அவரைத் திகைக்க வைத்தது. பெரியப்பா, சித்தப்பா என்பன அப்பாவின் வகை. பெரியம்மா, சின்னம்மா என்பன அம்மாவின் வகை. மாமனும் அத்தையும் மட்டும் வேறு வகை. செனகா மக்களின் முறையும் ஏறத்தாழ இதுவே. 1871ஆம் ஆண்டு சிமித்சோனியன் நிறுவனம் வெளியிட்ட அவருடைய பெருநூலில் தமிழ், தெலுங்கு உறவுச் சொற்களோடு பர்மியரின் சொற்களும் காரென் மக்களின் சொற்களும் இடம்பெற்றன. சொற்களின் ஒற்றுமையைக் கொண்டு அமெரிக்கப் பழங்குடியினர் ஆசியாவிலிருந்து சென்றவர்களே என நிறுவ அவர் முயன்றார். அந்த வழக்காடல் பின்வந்த அறிஞரிடம் நிற்கவில்லை. ஆனால் அவர் கண்டெடுத்த ஒழுங்கு நின்றது. நாம் எண்ணிப் பாராமலே நாவில் வழங்கும் சொற்களுக்குள் ஓர் இலக்கணம் இருக்கின்றது என்பதை ஓர் அயலார் வந்து காட்ட வேண்டியதாயிற்று.

அந்த இலக்கணத்தின் பொருள் யாது? பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன் மதுரை மாவட்டத்துப் பிரமலைக் கள்ளரிடையே தங்கி ஆராய்ந்து 1957ஆம் ஆண்டு நூல் வெளியிட்டார். மாமன் என்பவரைத் தாயின் உடன்பிறந்தவர் என்று மட்டும் கொள்ளுதல் போதாது, அவர் தந்தையின் மைத்துனர் என்பதையே முதன்மையாகக் கொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து. ஒரு தலைமுறையில் திருமணத்தால் ஏற்பட்ட சம்பந்தம் அடுத்த தலைமுறைக்கும் சொத்தைப் போல இறங்கி வருகின்றது என்றார். பங்காளி ஒருபுறம், மாமன் மச்சான் மறுபுறம் என்று நம் பாட்டிமார் எவ்வித ஆராய்ச்சியும் இன்றிச் சொல்லிவந்த பிரிவு இதுவன்றோ! பின்னர் தாமஸ் டிரவுட்மன் 1981ஆம் ஆண்டு வெளியிட்ட திராவிட உறவுமுறை பற்றிய நூலில் இம்முறையின் வரலாற்றை விரித்துரைத்தார்.

இனி யாங்கோனில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளிடம் வருவோம். இவர்கள் வீட்டிலும் தெருவிலும் பள்ளியிலும் பேசுவது பெரும்பாலும் பர்மிய மொழி. பர்மிய மொழியின் உறவுச் சொற்களுக்கும் சிறந்ததோர் ஒழுங்குண்டு. ஆனால் அது நம் ஒழுங்கன்று. அம்மொழி தாய்வழியா தந்தைவழியா என்று கேட்பதில்லை. பெற்றோரினும் மூத்தவரா இளையவரா என்றே கேட்கின்றது. பெற்றோரினும் மூத்த ஆண் உடன்பிறப்பு ‘பாஜீ’, இளையவர் ‘ஊலே’. ஆகவே சித்தப்பாவும் ஊலே, அம்மாவின் தம்பியாகிய மாமாவும் ஊலே. சித்தப்பாவின் மகளும் மாமனின் மகளும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றனர். ‘வுங்குவே’ என்னும் அச்சொல்லின் பொருள் வயிறு பிரிந்தவர் என்பது. தமிழில் முன்னவள் தங்கை, பின்னவள் முறைப்பெண். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவு எத்துணை என்பதை நம் பெரியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நடுவுநிலைமை கருதி இன்னொன்றும் கூற வேண்டும். நாம் காட்டாத வேறுபாடுகளைப் பர்மிய மொழி காட்டுகின்றது. ஆண் தன் தம்பியை ‘ஞீ’ என்பான். பெண் தன் தம்பியை ‘மௌங்’ என்பாள். தமிழில் இருவர்க்கும் தம்பி ஒருவனே. ஒரு மொழி உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்பதற்கு இங்கு இடமில்லை. இரண்டு அளவுகோல்கள் ஒரே வீட்டிற்குள் இருக்கின்றன என்பதே செய்தி.

சொல் மாறினால் உறவும் மாறுமா? இவ்வினா சமூக அறிவியலில் ஒரு பெரும் வழக்காக நடந்ததொன்று. அமெரிக்க மானிடவியலறிஞர் குரோபர் 1909ஆம் ஆண்டு, உறவுச் சொற்கள் மொழியையும் மனத்தையும் சார்ந்தவை, அவற்றிலிருந்து சமூக அமைப்பை உய்த்துணர்தல் தவறு என்றார். இங்கிலாந்தின் ரிவர்ஸ் அதனை மறுத்து 1914ஆம் ஆண்டு ஒரு சிறுநூல் வெளியிட்டார். திருமண முறையும் கடமையுமே சொற்களைப் படைக்கின்றன என்பது அவர் துணிபு. இந்த ரிவர்ஸ் நம்மவர்க்கு முற்றிலும் அயலானவர் அல்லர். 1901, 1902ஆம் ஆண்டுகளில் நீலகிரிக்கு வந்து தோடர்களிடையே தங்கி, குடும்பம் குடும்பமாக வமிசவழிப் பட்டியல்களை எழுதி, 1906ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டவர் அவரே. இன்ன உறவினரை எவ்வாறு அழைப்பீர் என்று பொதுவாகக் கேட்டால் குழப்பமே விடையாக வரும். உன் தந்தை பெயர் என்ன, அவருடன் பிறந்தார் எத்தனை பேர், அவர்களில் இன்னாரை நீ எப்படி அழைக்கிறாய் என்று பெயர் பெயராகக் கேட்டால் உண்மை வரும் என்பது அவருடைய முறையின் உயிர்நாடி. தோடர்களிடையே இறந்த முன்னோரின் பெயரைச் சொல்லுதல் விலக்கு. ஆதலின் ஒரு குடும்பத்தின் முன்னோரைப் பற்றி மற்றொரு குடும்பத்தாரிடம் கேட்டு அவர் எழுதினார். கணவர் பெயரைச் சொல்லத் தயங்கி, பக்கத்து வீட்டுப் பிள்ளையைச் சொல்லச் செய்யும் பாட்டிமாரை அறிந்த நமக்கு அவர் பட்ட பாடு நன்கு விளங்கும்.

குரோபரா ரிவர்ஸா என்னும் வழக்கிற்கு யாங்கோன் நகரம் ஒரு நல்ல சாட்சி என்பது நம் எண்ணம். நம் வீடுகளில் சொல் முன்னே சென்றுவிட்டது. கடமை பின்தங்கி நிற்கின்றது. பிள்ளைக்குக் காது குத்தும் நாளில், ஊலே என்று அழைக்கப்படும் நால்வர் வீட்டில் இருந்தாலும், எந்த ஊலேயின் மடியில் பிள்ளையை அமர்த்த வேண்டும் என்பதில் ஒருவர்க்கும் ஐயம் எழுவதில்லை. தாய்மாமன் எழுந்து வருகிறார். சீர் தட்டும் அவரைத் தேடியே செல்கின்றது. இதுவரை குரோபர் பக்கம் வழக்கு சாய்கின்றது எனலாம். ஆனால் மாமன் என்னும் சொல்லையே கேளாமல் வளர்ந்த பிள்ளை நாளை தானே தாய்மாமன் ஆகும்போது, தனக்கென ஒரு மடியும் ஒரு கடமையும் உண்டென எதைக் கொண்டு அறிவான்? அதற்கு இன்னும் இருபது ஆண்டுகள் செல்லும். இன்றைய நிலையை இன்றே எழுதி வைக்காவிடில், அன்று எது மாறியது, எது மாறவில்லை என்று சொல்ல ஒருவராலும் இயலாது.

அடுத்த வழி எண்ணுதல். இவ்வழியில் இந்நகரத் தமிழர் நிரம்பவே எண்ணப்பட்டிருக்கின்றனர். 1931ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இரங்கூனின் மக்கட்தொகை 4,00,415. அவருள் இந்தியர் 2,12,929. அதாவது நூற்றுக்கு ஐம்பத்து மூவர். நாடு முழுவதும் இந்தியர் 10,17,825. ஆண்களின் தொகை பெண்களின் தொகையைப் போல் இருமடங்குக்கு மேற்பட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1928ஆம் ஆண்டில், தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகத்தின் சார்பில் பெனிசன் என்னும் அதிகாரி இரங்கூன் உழைப்பாளரின் வாழ்க்கைத்தரத்தையும் செலவையும் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். பர்மியர், தமிழர், தெலுங்கர் என்று பகுத்து, வருவாய் எவ்வளவு, அரிசிக்கு எவ்வளவு, வாடகைக்கு எவ்வளவு என வரவுசெலவைக் குறித்த ஆய்வு அது. அக்காலத்தில் இத்தகைய வேலையைச் செய்தது பாராட்டத்தக்கதே.

ஆனால் அதன் அடிப்படையில் ஒரு சிக்கல் உள்ளது. குடும்பத்தோடு வாழ்பவர் ஒரு வகை. பலர் கூடி ஓர் அறையில் தங்கிப் பொதுச் சமையல் செய்துண்ணும் தனியாள் மற்றொரு வகை. அந்தத் தனியாள் உண்மையில் தனியாள்தானா? இராமநாதபுரத்திலோ தஞ்சையிலோ அவருக்கு மனைவியும் மக்களும் முதிய பெற்றோரும் இருந்தனர். மாதந்தோறும் மணியார்டர் சென்றது. தங்கையின் திருமணம் அவர் அனுப்பிய பணத்தில் நடந்தது. அறுவடைக்கு யாரை அழைப்பது, எந்த நிலத்தை ஒற்றி வைப்பது என்பன அவருடைய மடல் கண்ட பிறகே முடிவாயின. கடலின் இக்கரையில் ஒரு கால், அக்கரையில் ஒரு கால் வைத்து நின்ற ஒரு குடும்பத்தை, புள்ளிவிவரம் இக்கரையில் ஓர் ஆளாகவும் அக்கரையில் ஆண்துணையற்ற ஒரு வீடாகவும் வெட்டி எண்ணிற்று. ஒரே உலையில் உண்போர் ஒரு குடும்பம் என்பது குடிமதிப்பாளரின் இலக்கணம். எண்ணுவதற்கு அது எளிது. அதனால்தான் அது நிலைத்துவிட்டது.

நாட்டுக்கோட்டை நகரத்தாரை எடுத்துக்கொண்டால் இவ்விலக்கணம் முற்றும் நொடித்துவிடும். மணமான ஆணும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி என்பது அவர்களுடைய கணக்கு. கோயில் வரி அப்புள்ளியைக் கொண்டே கணக்கிடப்படும். மகனுக்குத் திருமணமானபின் அதே பெரிய வீட்டிற்குள் தனி அறையும் தனி அடுப்பும் கொடுத்து ‘வேறு வைப்பர்’. கூரை ஒன்று, வாசல் ஒன்று, உலை பல. அவ்வீட்டு ஆடவர் மூன்றாண்டுத் தவணைக்கு இங்கே கடைக்கு வந்து, அடுத்தாளும் பெட்டியடியும் சூழ ஒரே பந்தியில் உண்டனர். அங்கே ஒரே வீட்டில் பல குடும்பம். இங்கே ஒரே உலையில் குடும்பமே இல்லை! டேவிட் ரட்னர் 1994ஆம் ஆண்டிலும், யூகோ நிஷிமுரா என்னும் ஜப்பானியப் பெண்மணி 1998ஆம் ஆண்டிலும் நகரத்தாரைப் பற்றி நூல்கள் வெளியிட்டுள்ளனர். வரவு செலவையும் வட்டியையும் மட்டும் பாராது, திருமணத்தையும் சீரையும் பெண்ணின் உரிமையையும் சேர்த்துப் பார்த்தமையால் அந்நூல்கள் சிறந்து விளங்குகின்றன.

குடித்தனம் வேறு, குடும்பம் வேறு என்பதனை இந்திய அறிஞர்களே தெளிவுபடுத்தினர். குஜராத்தின் மஹுவா நகரை ஆராய்ந்த ஐ. பி. தேசாய் 1964ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், தனித்தனி வீட்டில் வாழ்வோரும் கடமையாலும் சொத்தாலும் ஒன்றாகவே இருக்கக்கூடும் என்று காட்டினார். ஏ. எம். ஷா 1973ஆம் ஆண்டு நூலில் இன்னும் ஒரு படி மேலே சென்றார். குஜராத்தின் ஒரு சிற்றூருக்கு 1825ஆம் ஆண்டில் எடுத்த பழங்கணக்கு ஒன்று அவருக்குக் கிடைத்தது. அக்காலத்திலும் பெரிய கூட்டுக் குடித்தனங்களே எங்கும் நிறைந்திருந்தன என்று சொல்ல இடமில்லை என்பது அதனால் வெளிப்பட்டது. பண்டைநாளில் யாவரும் ஒரே கூரையின் கீழ் முப்பது பேராக மகிழ்ந்து வாழ்ந்தனர், இன்று கெட்டுவிட்டோம் என்று மேடையில் முழங்குவோர் இச்செய்தியைச் சற்றே சிந்திப்பாராக. சென்னையில் மகனும் சிங்கப்பூரில் மகளும் இருக்க, தாம்வேயிலோ திங்கங்ஜூனிலோ தனியே உலை வைக்கும் முதியோரின் குடும்பத்தைச் சிதைந்தது என்று கூறுமுன், மாதந்தோறும் வரும் பணத்தையும் இரவுதோறும் வரும் தொலைபேசி அழைப்பையும் எண்ணிப் பார்த்தல் நன்று. சில குடும்பங்கள் சிதைந்தே இருக்கலாம். பார்த்தபின் சொல்வோம் என்பதே நம் வேண்டுகோள்.

1941ஆம் ஆண்டுக் குடிமதிப்பின் தாள்களுள் பெரும்பாலானவை போரில் அழிந்தன. 2014ஆம் ஆண்டுக் குடிமதிப்பு நாட்டின் மக்கட்தொகையை 5 கோடியே 14 இலட்சம் என்றும், ஒரு குடித்தனத்தின் சராசரி 4.4 பேர் என்றும் கூறிற்று. இந்துக்கள் 0.5 விழுக்காடு என்பதும் அதனால் அறியப்பட்டது. ஆனால் இனவாரியான முடிவுகள் வெளியிடப்படவில்லை. இந்துக்களுள் தமிழர் எத்தனை பேர், இவர்களோடு சேர்த்து எண்ண வேண்டிய கிறித்தவத் தமிழரும் இசுலாமியத் தமிழரும் எத்தனை பேர், வீட்டில் தமிழ் பேசுவோர் எத்தனை பேர் என்பவற்றை அந்தப் பட்டியல்கள் கூறா. 1931இல் அணாப்பைசா வரை எண்ணப்பட்டவர் இன்று தொகையும் அறியப்படாதவராக இருக்கின்றனர்.

இந்நாட்டுச் சமூகத்தை ஆராய்ந்தோருள் முதன்மையாகப் போற்றப்படுபவர் பர்னிவால். 1910ஆம் ஆண்டு பர்மா ஆராய்ச்சிக் கழகம் தோன்றக் காரணமாயிருந்தவர். 1948ஆம் ஆண்டு நூலில், இங்குள்ள பல இன மக்கள் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தும் ஒன்றாகக் கலவாமல், சந்தையில் மட்டுமே சந்திக்கும் பன்மைச் சமுதாயமாக இருக்கின்றனர் என்று எழுதினார். அவர் கருத்து உலகப் புகழ் பெற்றது. அவருடைய அறிவையும் இந்நாட்டின் மீது அவர் கொண்டிருந்த அன்பையும் மதிக்கிறோம். ஆயினும் அவர் நின்று பார்த்த இடம் சந்தை, அடுக்களை அன்று. சந்தையில் கலவாதவர் வீட்டில் கலந்தனர். தமிழ்த் தந்தைக்கும் பர்மியத் தாய்க்கும் பிறந்து, வெள்ளிக்கிழமை காளியம்மன் கோயிலுக்கும் பௌர்ணமியில் சுவேடகோனுக்கும் செல்லும் குடும்பங்கள் இந்நகரில் பலவாக உள்ளன. 1931ஆம் ஆண்டுக் குடிமதிப்பே இந்தோ-பர்மியர் என ஒரு வகுப்பைத் தனியாகக் கணக்கிட நேர்ந்தது. வீட்டிற்குள் புகுந்து பார்த்திருப்பின் பர்னிவாலின் கொள்கை இன்னும் சற்று நெகிழ்ந்திருக்கும் என்பது நம் துணிபு.

வீட்டிற்குள் புகுவதற்குச் சமூக அறிவியல் கண்ட வழிகளுள் நம் நிலைக்கு மிகவும் ஏற்றது, கடிதங்களைப் படிக்கும் வழி. சிக்காகோவின் வில்லியம் தாமஸ், போலந்தின் ஃபிளோரியன் ஸ்னானியேச்கி ஆகிய இருவர், அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்த போலந்து உழவர்களைப் பற்றி 1918 முதல் 1920 வரை ஐந்து தொகுதிகள் வெளியிட்டனர். போலந்து மொழி இதழில் விளம்பரம் செய்து, குடும்பக் கடிதங்களை விலைகொடுத்து வாங்கி, குடும்பம் குடும்பமாக அடுக்கி அச்சிட்டனர். அவர்கள் கண்டது யாதெனில், அக்கடிதங்களுள் பல ஒரே வார்ப்பில் அமைந்தவை. இறைவன் பெயர், நலச் செய்தி, பிறகு வீட்டிலுள்ள ஒவ்வொருவர்க்கும் பெயர் சொல்லி வணக்கம். புதுச் செய்தி சொல்வது அதன் வேலையன்று. பிரிந்திருந்தும் நாம் ஒரு குடும்பமே என்று உறுதி கூறுவதே அதன் வேலை. அதனால் அதனை வணக்கக் கடிதம் என்றே பெயரிட்டனர். தலையில் பிள்ளையார் சுழி, இவ்விடம் யாவரும் நலம், அவ்விடத்து நலமறிய ஆவல், பெரியப்பாவிற்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசி என்று நிறைந்து, செய்திக்கு ஓரத்தில் மட்டும் இடம் விட்ட நம் பழைய மடல்களைக் கண்டிருந்தால் அவ்விருவரும் எவ்வளவு மகிழ்ந்திருப்பர்! ஒரு வணக்கம் எப்பொழுது நின்றது, யாருடைய பெயர் எந்த ஆண்டு மடலிலிருந்து விடுபட்டது என்று பார்த்தாலே ஒரு குடும்பத்தின் வரலாறு பாதி தெரிந்துவிடும்.

நம் குடும்பங்களுக்கு அத்தகைய இரண்டு பெரும் பிளவுகள் உண்டு. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது இலட்சக்கணக்கானோர் நடந்தும் கப்பலேறியும் வெளியேறினர். இரங்கூனில் ‘ஜோதி’ இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா தம் துணைவியாருடன் சென்ற அந்த நடைப்பயணத்தை நூலாக எழுதியிருக்கின்றார். பின்னர் கடைகளும் வணிகமும் நாட்டுடைமையானதைத் தொடர்ந்து 1964 முதல் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இந்தியா திரும்பினர். அண்ணன் கப்பலேற, தம்பி இங்கே தங்கினார். அங்கே சென்றவர் தமிழ்நாட்டின் பர்மா காலனிகளில் குடியேறினர். சென்னையில் அவர்கள் விற்கத் தொடங்கிய அத்தோவும் மொய்ங்காவும் இன்று தமிழர் யாவர்க்கும் தின்பண்டமாகிவிட்டன. இங்கே இருந்தவரின் பேரப்பிள்ளைகளுக்கு மோ, ஜோ, வின் என்று பெயர் அமைந்தது. ஒரே தாத்தாவின் பேரர் இருவர், ஒருவர் மொழியை மற்றவர் அறியாமல், தொலைபேசித் திரையில் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வதோடு நிற்கின்றனர்.

ஒரே வீட்டில் தங்கிப் பார்க்கும் வழியும் உண்டு. மார்கரெட் டிராவிக் என்னும் அமெரிக்கப் பெண்மணி தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்துடன் தங்கி, அக்குடும்பத்தில் அன்பு எவ்வாறு வழங்குகின்றது என்பதனை 1990ஆம் ஆண்டு நூலாக்கினார். தாய் தன் பிள்ளையைக் கொஞ்சிப் பார்க்கவும் கூசுவாள், கண் பட்டுவிடும் என்பாள். அன்பை அடக்கி மறைத்தலே அன்பின் முறை என்று அவர் கண்டார். எந்தப் புள்ளிவிவரமும் இதனைச் சொல்லாது. மீ மீ கைங் என்னும் அம்மையார் 1946ஆம் ஆண்டு தம் சொந்தக் குடும்பத்தைக் கொண்டே பர்மியக் குடும்பம் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூலும் இவ்வகையில் எண்ணத்தக்கது. யாங்கோன் தமிழ்க் குடும்பம் ஒன்றினைப் பற்றி அக்குடும்பத்துப் பெண் ஒருவரே அவ்வாறு ஒரு நூல் எழுதும் நாள் வர வேண்டும்.

குறிப்பேடுகள் அழிந்தாலும் எழுதலாம் என்பதற்கும் சான்றுகள் உள. எட்மண்ட் லீச் 1939இல் கச்சின் மலையில் ஆய்வு தொடங்கி, போரில் தம் குறிப்புகளை இழந்து, நினைவையும் பழைய ஆவணங்களையும் துணைக்கொண்டு 1954ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் இன்றும் மாணவர்க்குப் பாடமாக உள்ளது. மைசூர்ச் சிற்றூரை ஆராய்ந்த எம். என். சீனிவாஸ், 1970ஆம் ஆண்டு அமெரிக்காவில் தீயில் தம் குறிப்புகள் கருகியபின், நினைவிலிருந்தே 1976ஆம் ஆண்டு நூலை எழுதினார். 1942ஐ நினைவில் வைத்திருந்த நம் முதியோர் ஏறத்தாழ எல்லாரும் மறைந்துவிட்டனர். 1964ஐ இளைஞராய்க் கண்டவர் இன்று எண்பதைக் கடந்தவர். நினைவு மட்டுமே குறிப்பேடாக உள்ள இடத்தில் காலம் நமக்காகக் காத்திராது.

இவ்வேலையை எவர் செய்வது? பல்கலைக்கழகத்தார் வந்து செய்வர் என்று காத்திருப்பதில் பயனில்லை. வந்தாலும் நம் வீடுகளில் கதவு எளிதில் திறவாது. குறிப்பேட்டுடன் வருபவரைக் கண்டால் நம் பெரியவர்களுக்கு ஏற்படும் அச்சம் காரணமற்றதன்று. வெளிநாட்டவர் பதிவு அட்டையோடு வாழ்நாளைக் கழித்தவர் நம்முள் உளர். 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்திற்குப் பிறகு, தாத்தா எந்த ஆண்டில் வந்தார் என்னும் வினா வெறும் வரலாற்று வினாவாக இருக்கவில்லை. ஆதலின் ஒருவர் தம் வீட்டுப் பெயர், கோயிற்பெயர், பர்மியப் பெயர் ஆகிய மூன்றில் எதைச் சொல்வது என்று தயங்கினால், அதனைப் பொய் என்று கொள்ளும் ஆய்வாளர் இந்நகரை அறியாதவர். மேலும், பார்ப்பவர் எதிரில் இருந்தாலே மனிதர் நடத்தை மாறிவிடும் என்பது சமூக அறிவியலாரே ஒப்புக்கொண்ட இடையூறு. விருந்தினர் வந்தால் நல்ல கோப்பைகளை எடுக்காத வீடு எது?

பேரப்பிள்ளைக்கோ அக்கதவு எப்பொழுதும் திறந்தே இருக்கின்றது. வார இறுதித் தமிழ்ப்பள்ளியின் மேல்வகுப்பு மாணவர் ஒவ்வொருவர்க்கும் ஒரு குறிப்பேடு கொடுத்து, தம் குடும்பத்தை மூன்று தலைமுறைக்கு எழுதிவரச் சொல்லலாம். ஆங்கிலப் புத்தகங்களில் உள்ள குடும்ப மரப் படம் இதற்குப் பயன்படாது. அதில் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டியோடு கிளை முடிந்துவிடும், அத்தைக்கும் மாமனுக்கும் அதில் கொம்பே இல்லை. ரிவர்ஸ் செய்ததைப் போலப் பெயர் பெயராகக் கேட்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரில், தாத்தா அவரை எப்படி அழைத்தார், அம்மா எப்படி அழைக்கிறார், நான் எப்படி அழைக்கிறேன் என்று மூன்று பத்திகள் போதும். தமிழ்ச் சொல் மறந்திருந்தால் பர்மியச் சொல்லையே எழுதட்டும். அதனைச் சிவப்பு மையால் திருத்தாதிருக்குமாறு ஆசிரியர்களை வேண்டுகிறோம். அத்தா, வாப்பா என்று அழைக்கும் வீட்டுப் பிள்ளை அவ்வாறே எழுதுக. தரவு திருத்தப்படுமாயின் தரவாக இராது.

அட்டை எண், வந்த ஆண்டு, வருவாய் முதலியவற்றைக் கேட்க வேண்டாம். பாட்டி சொல்ல விரும்பாததை எழுத வேண்டாம். குறிப்பேடு வீட்டிலேயே இருக்கட்டும். பள்ளிக்கு உறவுச் சொற்களின் பட்டியல் மட்டும், பெயர்கள் நீக்கப்பட்டு வந்தால் போதுமானது. நாற்பது குடும்பங்களின் பட்டியல்கள் சேர்ந்தால், எந்தச் சொல் எந்தத் தலைமுறையில் மறைந்தது என்பதைக் காட்டும் ஒரு கட்டுரையை அடுத்த ஆண்டு மலரில் மாணவர்களே எழுதலாம். பத்தாண்டு கழித்து மீண்டும் எடுக்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் சிலேட்டர் தம் மாணவர்களைத் தத்தம் ஊருக்கு அனுப்பி எழுதச் செய்த சிற்றூர் ஆய்வுகள் 1918ஆம் ஆண்டு வெளியாயின. தென்னார்க்காட்டு இருவேல்பட்டு முதலிய அதே ஊர்களைப் பின்வந்தோர் 1930களிலும் அதன் பின்னரும் மீண்டும் மீண்டும் சென்று பார்த்தமையால்தான் அவை விலைமதிப்பற்ற சான்றுகளாயின. தொடங்கியவர் மாணவர்களே என்பதைக் கருதுக.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பரணிலும் தகரப் பெட்டியிலும் கிடக்கும் பழைய மடல்கள், மணியார்டர் துண்டுகள், கப்பல் சீட்டுகள், திருமண அழைப்புகள் ஆகியவற்றை வீடு மாற்றும்போதோ வெள்ளையடிக்கும்போதோ எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இவ்வூரின் மழை மே மாதம் பிடித்தால் அக்டோபர் வரை விடுவதில்லை. ஈரமும் செல்லும் தாளைத் தின்றுவிடும். மழைக்கு முன்னரே அவற்றை எடுத்து, நிழலில் உலர்த்தி, இரும்பு ஊசிகளையும் ரப்பர் வளையங்களையும் நீக்கி, வெள்ளைத் தாளில் சுற்றி, ஆண்டும் அனுப்பியவர் பெயரும் மேலே பென்சிலால் குறித்து, தரையில் படாத உயரத்தில் வையுங்கள். கையெழுத்துப் புரியாவிடில், படிக்கத் தெரிந்த முதியோர் ஒருவர் முன் பிள்ளையை அமர்த்தி, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு மடல் வீதம் படிக்கச் செய்யலாம்.